மாமி கேட்ட சத்தம்

இந்த வாரத்தை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

நீல நிறக் கதிரை. எங்கள் முன் விறாந்தையில், பைக்குக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு அதில் மாமி இருந்தார். என் கணவரின் உம்மா. அஸர் தொழுத கையோடு வந்தவர். முந்தானை இன்னும் தலையில் இறுகிக் கிடந்தது. நான் கீழே குந்தியிருந்தேன். வெள்ளைச் சேலையைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தேன். இரண்டு கைகளும் முழங்கை வரை கறுப்பு.

பைக் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் மல்லுக்கட்டிய பிறகு அன்றுதான் ஒரே உதையில் பிடித்திருந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம். மாமி ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று முகத்தைப் பார்த்தேன்.

மாமி தலையைச் சாய்த்து ஒரு காதைப் பைக்கின் பக்கம் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"இது அவன்ட சத்தம் இல்ல."

"அதே இஞ்சின்தானே மாமி. வேற சத்தம் எங்கால வரும்?"

"எனக்குத் தெரியாதா புள்ள? என்ட புள்ளட சத்தம் எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. நகம் உடைந்து, கை வெந்து, சேலையெல்லாம் கிறீஸ் அப்பி ஓட வைத்திருக்கிறேன், இவர் சத்தத்தில் குற்றம் பிடிக்கிறாரே என்று. வாயைத் திறக்கப் போனேன். மாமியின் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

கிட்டங்கிக்கு அப்பால்

முன்பு ஒரு வாரம், மாரி வெள்ளத்தில் தண்ணீர் மேலால் பாயும் கிட்டங்கித் தாம்போதிப் பாலத்தைத் தாண்டிப் பிரசவத்துக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தங்கை கேட்டிருந்தா: "அந்தப் பைக்கை உங்களுக்கு யார் வாங்கித் தந்தது மிஸ்?" யாரும் வாங்கித் தரவில்லை தங்கச்சி. அது என்னிடம் தங்கிய கதைதான் இது.

நான் மருத்துவமாது, பிரசவம் பார்க்கிறவள். ஊர் மருதமுனை. அந்த நாட்களில் எனக்குக் கொடுத்திருந்த பகுதி கிட்டங்கிக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த குடியிருப்புகள். தமிழ்க் குடும்பங்களும் இருந்தன, எங்கள் ஆட்களும் இருந்தார்கள். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் போய் "பஸ் வரட்டும், அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளு" என்று சொல்ல முடியுமா?

அதனால் என் கணவர்தான் கொண்டுபோய் விடுவார். அவர் பெயர் ஜெமீல். காலையில் என்னை ஏற்றிப்போய் விட்டுவிட்டுத் தன் வயல் வேலைக்குப் போவார். பின்னேரம் வந்து கூட்டிவருவார். வயல் நடுவே போகும் நேர் ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்தால் பைக்கை நிறுத்தி இறங்குவார். "இந்தாங்க, நீங்க ஓட்டுங்க" என்று பின்னால் ஏறிக்கொள்வார். அப்படிப் பழகியதுதான் எனக்கு. ஊர் எல்லை வந்ததும் மறுபடி இடம் மாறிக்கொள்வோம். ஸ்கூட்டி என்றால் ஊருக்குள் பெண் பிள்ளைகள் தாராளமாக ஓட்டுகிறார்கள். கியர் மாற்றுகிற பைக் என்றால் மட்டும் அது ஆம்பிளைச் சாமான். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒரு பின்னேரம் அவர் என்னை வீட்டில் இறக்கிவிட்டு, வழக்கம்போலத் தன் உம்மாவைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தார். பைக்கை விறாந்தையில் ஏற்றினார். உள்ளே வந்து, "நெஞ்சு ஒரு மாதிரி இரிக்கி" என்று சொல்லிப் பாயில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வரும் முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனையோ உயிர்களைக் கையில் வாங்கியவள் நான். அந்த ஒரு உயிரைப் பிடித்து வைக்க என் கையால் ஆகவில்லை. அந்த ஆற்றாமை இன்றும் எனக்குள் அப்படியே கிடக்கிறது.

பைக்குக்கும் இத்தா

பிறகு இத்தா. கணவன் மௌத்தாகிப் போனால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டிய காலம். வெள்ளை உடுப்பு. வெளியே போவதில்லை. அந்நிய ஆண்களின் முன்னால் வருவதில்லை. வீட்டில் நானும், நாலு வயது மகள் ஹனாவும், துணைக்கு வந்த என் மூத்த சகோதரி ராத்தாவும்.

விறாந்தையில் பைக் நின்றது. ஜனாஸா அடக்கத்துக்கு வந்த கூட்டம்கூட அதை அசைக்கவில்லை, மூலையில் நின்றதால் சுற்றிக் கதிரை போட்டுக்கொண்டார்கள். எனக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பாராமல் இருக்கவும் முடியவில்லை. ஒருநாள் ராத்தாவிடம் சொல்லி நெல் மூடுகிற தறப்பாளால் அதைத் தலையிலிருந்து கால் வரை போர்த்தி, அதற்கு மேல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பையும் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். தூசி படாது, உப்புக் காற்றும் படாது என்று நினைப்பு.

பார்க்க வந்த ஒரு பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னகா இது, பைக்கும் இத்தா இரிக்கிதா?" என்றா. இருந்த துக்கத்திலும் ராத்தா சிரித்துவிட்டா. நானும் சிரித்தேன். மௌத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

ஆனால் அது பெரிய பிழை. கடற்கரை ஊர்க்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டினால் உப்பு ஈரம் வெளியே நிற்காது, உள்ளேதான் நிற்கும். பகலில் வேர்க்கும், இரவில் குளிரும், எல்லாம் இரும்பில் இறங்கும். நிற்கும் பைக்குக்கு மெல்லிய துணி ஒன்று போதும், கீழே காற்றோட்டம் இருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. சொன்னாலும் கேட்டிருப்பேனா தெரியாது. என்னை மூடிய மாதிரி அதையும் மூட வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம்

ஒருநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு றமீஸ் வந்தார். என் கணவரின் தம்பி. இத்தாவில் இருக்கிறபடியால் நேரே கதைக்க முடியாது. அவர் கேற்றுக்கு வெளியே நிற்க, நான் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"மதினி, ஒரு விசயம் கதைக்கணும். கோவிக்கக் கூடா."

"சொல்லுங்க தம்பி."

"பைக் சும்மா நிண்டா பழுதாப் போகும். உம்மா சொல்றாங்க, அது நம்மட ஊட்டுக்கு வரட்டுமாம். நான் ஓட்டுறன். உம்மாக்கும் ஆறுதலா இரிக்கும்."

"மாமியா சொன்னாங்க?"

"ஓம் மதினி. ஒவ்வொரு நாளும் அசறுக்குப் பொறகு கேற்றடிய போய் நிக்கிறாங்க. பாக்க ஏலா."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குச் சீதனமாய் வருவது. பெண்ணைப் பெற்ற உம்மாவுக்குப் பெண்ணும் மிச்சம், மருமகனும் மிச்சம். ஆணைப் பெற்ற உம்மாவுக்கு மிஞ்சுவது பின்னேரத்தில் ஒரு எட்டு வந்து போகும் மகன்தான். ஜெமீல் ஒருநாளும் தவற மாட்டார். ஹோன் அடிக்க மாட்டார். கேற்றடியில் எஞ்சினை ஓட விட்டபடி நிற்பார். அந்தச் சத்தத்துக்கு மாமி வெளியே வருவார். தேத்தண்ணி ஊற்றியபடி இருக்கும்.

மாமிக்கு அந்தச் சத்தம் வேண்டும். எனக்கு அந்தப் பைக் வேண்டும். பைக் போனால் என் வேலை போகும், வேலை போனால் ஹனாவையும் என்னையும் யார் பார்ப்பது? ராத்தாவின் கையை எத்தனை காலம் எதிர்பார்ப்பது? ஆனால் பெற்ற தாய் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கிறது? அவர் விட்டுப்போனதில் அவர் உம்மாவுக்கும் பங்கு உண்டு. மார்க்கம் சொன்ன பங்கு.

"இத்தா முடியட்டும் தம்பி. அது வரைக்கும் இஞ்சயே நிக்கட்டும். மறுகா மாமி என்ன சொன்னாலும் சரி."

"ஓடுற நெலமயில இரிக்கா மதினி?"

"இரிக்கும்," என்றேன். போர்த்திக் கட்டியதோடு நான் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் கியர்

றமீஸ் போனதும் கயிற்றை அவிழ்த்தேன். தறப்பாளைத் தூக்கியதும் ஈரப் புழுக்க நாற்றம். செயின் முழுக்கச் செங்கல் நிறம். கைப்பிடிக் கம்பியில் புள்ளி புள்ளியாகத் துரு. பற்றரியின் முனைகளில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

இழுத்து நடுவே விடலாம் என்று தள்ளினேன். அசையவில்லை. கிளச்சைப் பிடித்தேன், அசைந்தது. அப்போதுதான் விளங்கியது. பைக் கியரிலேயே நிற்கிறது. கால் விரலால் தட்டிப் பார்த்தேன். இரண்டாம் கியர்.

அவர் ஒருநாளும் கியரில் விட்டு இறங்குகிற ஆள் இல்லை. பைக்கை நிறுத்தும் முன் நியூட்ரலுக்கு எடுப்பார், பெற்றோல் வரும் தப்புக் குழாயைப் பூட்டுவார், பிறகுதான் சாவியைக் கழற்றுவார். அன்று சாவியை மட்டும் எடுத்திருக்கிறார், வேறு எதுவும் செய்யவில்லை. பெற்றோல் தப்பு திறந்தபடியே இருந்தது. விறாந்தையில் ஏறும்போதே அவரால் முடியாமல் போயிருக்கிறது. அந்த வலியோடு தன் உம்மாவின் வாசலில் இருந்து எங்கள் வாசல் வரை ஓட்டி வந்திருக்கிறார். உள்ளே வந்து "ஒரு மாதிரி இரிக்கி" என்று மட்டும் சொன்னார்.

சீற்றில் முகத்தை வைத்து அழுதேன். ஜனாஸா அன்று ஆட்கள் பார்க்க அழுதது வேறு. இது வேறு.

பிறகு எழும்பினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு ராத்தாவைக் கூப்பிட்டு, "மண்ணெண்ணெய் இரிக்கா?" என்று கேட்டேன்.

கிறீஸ் அலங்காரம் இல்லை

வெள்ளிக்கிழமை காலைகளில், ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன், அவர் இந்த விறாந்தையில்தான் பைக்கைப் பார்ப்பார். நான் பக்கத்தில் இருந்து கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பேன். பத்தாம் நம்பர் ஸ்பனர், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பனர், பழைய பல் பிரஷ். எடுத்துக் கொடுக்கிற கைக்கு எல்லாம் தெரியும். செய்கிற கைக்குத்தான் தெரியாது என்பதை அன்று கண்டேன்.

செயினில் இருந்து தொடங்கினேன். நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சில்லைக் கையால் சுற்றச் சுற்ற மண்ணெண்ணெயும் பல் பிரஷும். எஞ்சின் ஓடும்போது இதை ஒருநாளும் செய்யக் கூடாது, விரல் போய்விடும். துரு இறங்கியதும் துணியால் துடைத்துக் காயவிட்டு, உள்பக்கமாக ஒயில் விட வேண்டும். வெளிப்பக்கம் விட்டால் மண்தான் ஒட்டும். பிறகு தளர்ச்சி. கீழ்ச் செயினை நடுவில் பிடித்து ஏற்றி இறக்கினால் பெருவிரல் அகலத்துக்கு ஆட வேண்டும். இறுக்கமாக இருப்பதுதான் நல்லது என்று நினைத்து இழுத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் ஏறி இருந்ததும் செயின் இன்னும் இறுகும், அறுந்துபோகும். கொஞ்சம், எங்கள் பேச்சில் ஒள்ளுப்பம், விட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தளர்ச்சி வைக்கப் பின் அச்சு நட்டைத் தளர்த்த வேண்டும், அது அசையவே இல்லை. ஸ்பனரைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். ராத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டா. "அல்லாஹ்வே, இவள் காலையும் உடைச்சிக்கப் போறா" என்று கத்தினா. நட்டு கிறீச் என்று விட்டது.

ஊருக்குள் கதை பரவாமல் இருக்குமா? "இத்தாவுல இரிக்கிற பொம்புள பைக் கழட்டிக்கிட்டு இரிக்காவாம்." ராத்தா பயந்துபோய், பள்ளி மௌலவியின் மனைவி மூலம் கேட்டு அனுப்பினா. பதில் வந்தது: வீட்டுக்குள் வீட்டு வேலை செய்யத் தடையில்லை, அத்தர் பூசக் கூடாது, அலங்காரம் கூடாது. ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தா. மூக்கு நுனியில் கிறீஸ், நெற்றியில் கிறீஸ். "இத அலங்காரம் எண்டு சொல்றவனுக்கு கண் இல்ல," என்றா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பற்றரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ் முனை, பூட்டும்போது அது கடைசி. முனைகளைச் சுடுதண்ணீரால் கழுவி, வஸ்லின் தடவினேன். பற்றரித் தண்ணீர் விட்டு, சார்ஜ் ஏற்ற ராத்தா கொண்டுபோய்க் கொடுத்தா. பிளக்கைக் கழற்றி அரத்தாளால் தேய்த்தேன். காபரேட்டரின் அடியில் ஒரு சின்னத் திருகாணி உண்டு, அதைத் தளர்த்திக் கெட்டுப்போன பெற்றோலை வடித்தேன். குண்டுமணி நிறத்தில் வந்தது. ஒயில் மாற்றினேன். நிற்கும் பைக்கை ஓட வைக்கும்போது சும்மா இரண்டு முறை முறுக்கி நிறுத்துவது நல்லதல்ல. சைலன்சர் நன்றாகச் சூடாகும் வரை ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் நிற்கும். இதெல்லாம் ஒரே நாளில் நடந்தது என்று நினைக்காதீர்கள். பல வெள்ளிக்கிழமைகள் போயின.

முதல் முறை அது இருமி இருமிக் கொஞ்சம் ஓடியபோது நான் நினைக்காதது ஒன்று நடந்தது. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த ஹனா ஓடிவந்தாள். என்னைத் தாண்டி, பைக்கைத் தாண்டி, கேற்றடிக்கு. "வாப்பா!"

நான் எஞ்சினை நிறுத்தினேன். பிள்ளை கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உம்மாதான் மக," என்றேன்.

ஒள்ளுப்பம் கொறைங்க

இனி அந்த நீலக் கதிரைக்கு வருகிறேன். இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பைக் ஓடத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் மாமி வந்திருந்தார். முடிவு சொல்ல வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"இது அவன்ட சத்தம் இல்ல."

கோபத்தை விழுங்கிக்கொண்டு யோசித்தேன். பிறகு பிடிபட்டது. ஓடாமல் நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு வேகத்தில் துடிக்க வேண்டும் என்பதற்குக் காபரேட்டரின் பக்கத்தில் ஒரு திருகாணி இருக்கிறது. கையாலேயே திருகலாம். அணைந்துவிடக் கூடாது என்று நான் அதைக் கூட்டி வைத்திருந்தேன். அவர் மிகவும் குறைத்து வைப்பார். கராஜ்காரர்கள் ஏசுவார்கள், "இப்பிடி வெச்சா நிண்டுபோகும் காக்கா" என்று அண்ணன் முறை வைத்து. அவர் கேட்க மாட்டார்.

"மாமி, இப்ப பாருங்க," என்று திருகினேன்.

"இல்ல."

இன்னும் கொஞ்சம்.

"இல்ல புள்ள. இன்னம் ஒள்ளுப்பம் கொறைங்க."

துடிப்பு இடைவெளி விட்டுக் கேட்கத் தொடங்கியது. இதற்கு மேல் போனால் நின்றுவிடும். இன்னும் ஒரு மயிரிழை திருகினேன்.

மாமி கையை உயர்த்தினார். கண்ணை மூடினார்.

"ஓம். இதான். இதான் அவன்."

மாமி அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மகன் கேற்றடியில் நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டேன். கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. எஞ்சின் தடுமாறி, தானாகவே நின்றுபோனது.

அந்த அமைதியில்தான் மாமி உடைந்தார். மௌத் வீட்டில் கல்லுப்போல இருந்தவர், அன்று என் கறுப்புக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார். ராத்தா தண்ணீர் கொண்டுவந்தா. கன்னம் முழுக்கக் கிறீஸ். துடைக்கவும் விடவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார்: "ஒங்களுக்கு இத ஓட்ட ஏலுமா?"

"ஏலும் மாமி."

"ஆரு பழக்கின?"

"அவருதான். வயல் ரோட்டுல."

"எனக்கு அவன் சொல்லவே இல்லயே, கள்ளன்." முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "இது இல்லாட்டி ஒங்கட வேல?"

"உடத்தான் வேணும் மாமி."

மாமி பைக்கின் பெற்றோல் ராங்கியைத் தடவினார்.

"றமீஸுட்ட குடுத்தா அடுத்த நாளே சைலன்சர மாத்துவான். ஊரே காதப் பொத்தும்," என்றார். "இது இஞ்சயே நிக்கட்டும் புள்ள. ஒண்டு மட்டும். வேல முடிஞ்சி வாற நேரம் என்ட கேற்றடியால வாங்க."

மூலையில் ஒரு நிறுத்தம்

இத்தா முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் பின்னேரம், சொன்னபடி மாமியின் கேற்றடிக்குப் போனேன். சத்தம் கேட்டு மாமி விறுவிறுவென்று வந்தார். "வந்திட்டியா மனே" என்பது பாதி வாயில் வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் என் முகத்தைக் கண்டதும் நின்றார். நான் எஞ்சினை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதீங்க," என்றார். "ஒள்ளுப்பம் ஓடட்டும்."

கேற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகுதான் தேத்தண்ணி.

ஆனால் அந்தச் சத்தத்தோடு வேலைக்குப் போக முடியாது என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது. தாம்போதியின் நடுவில் நின்றது. கல்முனைச் சந்தியில், முன்னும் பின்னும் பஸ் நிற்க, நடுவில் நின்றது. ஆட்கள் "பொம்புளைக்கு என்னத்துக்கு இந்த பைக்?" என்று கேட்கும்படி நின்றது. வலியில் கிடக்கிறவளுக்கு என் மனக் குறையைச் சொல்லி விளங்கப்படுத்த முடியுமா? திருகாணியைக் கூட்டினேன். பைக் நிற்கவில்லை. ஆனால் அது அவர் சத்தம் இல்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். காலையில் கூட்டி வைத்துக்கொண்டு போவேன். பின்னேரம் மாமி வீட்டு ஒழுங்கைச் சந்துக்குத் திரும்பும் மூலையில் நிறுத்தி, குனிந்து, திருகாணியைக் குறைப்பேன். காதால் கேட்டுக் கேட்டு அவர் சத்தம் வந்ததும் ஒழுங்கைக்குள் திரும்புவேன். அந்த மூலைக் கடைக்காரர் சில நாள் கேட்பார்: "பைக் பழுதா மிஸ்?" "இல்ல நானா, நல்லாத்தான் இரிக்கி," என்பேன். மாமிக்குத் தெரியாது என்பது என் எண்ணம். இப்படி மாதங்கள் போயின, ஒரு மாரியும் போனது.

அடுத்த மாரியில் ஒரு நாள். பகல் முழுக்க ஒரு வீட்டில் கிடந்தேன். தலைப்பிள்ளை, கொடி சுற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பி, தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மழையில் நனைந்து, பசியில் கண் இருட்டத் திரும்பினேன். மூலை வந்ததும் தெரியவில்லை, ஒழுங்கைக்குள் திரும்பியதும் தெரியவில்லை. கேற்றடியில் பிரேக் பிடித்த பிறகுதான் காதில் விழுந்தது. எஞ்சின் படபடவென்று வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

இன்றைக்கு மாமி வர மாட்டார், யாரோ என்று நினைத்து உள்ளே இருந்துவிடுவார் என்று பதறிப்போய்த் திருகாணிக்குக் குனிந்தேன்.

கேற்று ஏற்கனவே திறந்திருந்தது. மாமி தலை துடைக்கத் துவாயோடு நின்றார்.

"என்ன புள்ள, இண்டைக்கு இவ்வளவு சுணக்கம்?"

"மாமி, சத்தம்... கொறைக்க மறந்திட்டன். ஒரு நிமிசம்..."

"உடுங்க," என்றார். "அந்த மூலையில நீங்க நிண்டு கொறைக்கிறது எனக்கு எண்டைக்கும் கேக்கும். அதுக்கு முந்தி வாறது ஆருட சத்தமெண்டும் எனக்குத் தெரியும். அதக் கேட்டுத்தான் நான் தேத்தண்ணிக்கு அடுப்ப மூட்டுற."

நான் குனிந்தபடியே இருந்தேன். மழைத் தண்ணீர் கன்னத்தில் வழிந்தது, மழை மட்டும் இல்லை.

மாமி துவாயை என் தலையில் போட்டார். பிறகு கையை நீட்டி, சாவியைத் தானே திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

"எறங்குங்க மக. தேத்தண்ணி ஆறுது."